உங்களுக்குத் தெரியுமா? களி முழுங்கும் சாலையில் வயிற்றுத் துணுக்குகள்

பாலாறு என்றதும் வேலூர்ப் பாலாற்றை நினைத்துவிட வேண்டாம். இது வேறு. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்குகிற இடத்தில், காவிரியோடு சேரும் காட்டாறு. ஒரு பாலம், ஒரு சோதனைச் சாவடி, சுற்றிலும் காடு. வீரப்பன் காலத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்ட பெயர். பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்த கர்நாடகப் பக்கம், 1997ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு போய்விட்டது. அமாவாசை வந்தால் சேலம், ஈரோடு, தருமபுரிக்காரர்கள் பஸ்ஸும் வேனுமாக இந்த வழியில்தான் மலையேறுகிறார்கள். மலை இறங்கி ஹனூர், கொள்ளேகால் என்று போனால் மைசூர். இந்த ஒரே சாலையில் வாயிலிருந்து பெருங்குடல் வரை எல்லாவற்றுக்கும் ஒரு செய்தி கிடைக்கிறது.

மெல்லாமல் முழுங்கலாமா?

எல்லைக்கு இந்தப் பக்கம் களி, அந்தப் பக்கம் முத்தெ. இரண்டும் கேழ்வரகு உருண்டைதான். 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடு நகர்ந்தது, சாப்பாடு நகரவில்லை. களியைச் சாப்பிடுகிற முறையும் ஒன்றே: விரல் நுனியால் ஒரு விள்ளல் கிள்ளி, கட்டைவிரலால் சின்னக் குழி போட்டு, குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்ததும் முழுங்கிவிட வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார்.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது என்பது உண்மை. வெறும் சோற்றை ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், லேசாக இனிக்கும். ஆனால் அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது கணையத்திலிருந்து சிறுகுடலுக்கு வரும் அமைலேஸ். களி ஏற்கெனவே அரைத்து, வேகவைத்து, கிண்டியது. பல்லுக்கு அதில் பெரிய வேலை இல்லை. அதனால் களியை முழுங்குவதில் தப்பில்லை. அதே தைரியத்தில் கறியையும் வேர்க்கடலையையும் முழுங்கக் கூடாது. முழுக் கடலை உள்ளே போனபடியே வெளியே வருவதைப் பார்க்காதவர் உண்டா? சின்னக் குழந்தைக்கும், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் பெரியவருக்கும் களி உருண்டை தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்குக் கூழ்தான் சரி.

தலைகீழாக நின்றும் விழுங்க முடியும்

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். உணவு அதில் தானாக விழுவதில்லை. தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கிப் பிதுக்கித் தள்ளுகின்றன. பத்து விநாடிக்குள் இரைப்பைக்கு வந்துவிடும். சிரசாசனத்தில் இருப்பவர் விழுங்கினாலும் வந்துவிடும். யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஜன்னலோர சீட்டு

பாலாற்றுச் சோதனைச் சாவடி தாண்டி மலைச்சாலை வளையத் தொடங்கியதும் பஸ்ஸில் ஒரு குரல் கேட்கும்: "வாந்தி வர்றவங்க ஜன்னல் பக்கம் போயிருங்கப்பா!" பழி காலையில் தின்ற இட்லி மேல் விழும். இட்லி நிரபராதி. உடம்பு திரும்புகிறது, சாய்கிறது என்று உட்காது சொல்கிறது. முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ, ஒன்றும் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படும்போது மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையம் விழித்துக்கொள்கிறது.

குமட்டலுக்கு முன் வாயில் தண்ணீராக ஊறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? வரப்போகிற அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் காக்க வருகிற உமிழ்நீர் அது. அடுத்து, சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பெரிய சுருக்கம் எதிர்த்திசையில் மேல்நோக்கி ஓடி, குடலில் இருப்பதை இரைப்பைக்குள் கொண்டுவருகிறது. 'பித்த வாந்தி' மஞ்சளும் பச்சையுமாக இருப்பது இதனால்தான். பித்தநீர் இரைப்பையில் சுரப்பதே இல்லை. கடைசியில் அதை வெளியேற்றும் வேலையையும் இரைப்பை செய்வதில்லை. வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும்தான் அமுக்கித் தள்ளுகின்றன.

பரிகாரம்: முன்பக்க இருக்கை, தூரத்து மலை மேல் பார்வை, செல்போன் பைக்குள். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது. அதற்கு ஓரளவு ஆய்வு ஆதரவும் உண்டு. எலுமிச்சம்பழத்தை முகர்வது பழக்கம், கெடுதல் இல்லை.

வயிற்றில் எலி ஓடுவது

மலை மேல் தரிசன வரிசையில் நிற்கும்போது வயிறு கடமுடவென்று சத்தம் போடும். இரைப்பையும் சிறுகுடலும் காலியானதும், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சுருக்க அலை மேலிருந்து கீழாக ஓடி, மிச்சம் மீதி, இறந்த செல்கள், பாக்டீரியா எல்லாவற்றையும் பெருங்குடலை நோக்கிக் கூட்டித் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் காற்றும் நீரும் உருளும் சத்தம்தான் அந்த எலி. ஒரு வாய் சாப்பிட்டால் இந்த அலை நின்றுவிடும். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவருக்கு இந்தத் துப்புரவு நடக்க இடைவெளியே கிடைப்பதில்லை. முறுக்கு டப்பாவை மேசை மேலேயே வைத்திருப்பவர்கள் கவனிக்க.

தன்னைத்தானே ஏன் செரித்துக்கொள்வதில்லை?

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறியைக் கரைக்கிற அந்த அமிலம் இரைப்பைச் சுவரைக் கரைக்காமல் இருக்க, உட்சுவர் மேல் கெட்டியான சளிப்படலமும் அதற்குள் காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டும் இருக்கின்றன. போதாததற்கு உட்சுவரின் மேற்பரப்புச் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகின்றன. போன வாரம் இருந்த இரைப்பை உட்சுவர் இன்று உங்களிடம் இல்லை.

மைசூரின் புண் மர்மம்

மைசூரில் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். முழுப்பெயர் ஹோல்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. 1950களிலும் 60களிலும் அங்கே அறுவை மருத்துவராக இருந்தவர் ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேயர். முன்சிறுகுடலில் புண் வந்து, அது ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையின் வாசலே சுருங்கிப்போய், தின்றதெல்லாம் வாந்தியாகும் நிலையில் வரும் நோயாளிகளை அவர் தொடர்ந்து பார்த்தார். தென்னிந்தியாவில் இது ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வி அவரை விடவில்லை.

பல ஊர்களின் விவரங்களைத் திரட்டி அவர் கண்டது இது: அரிசியை, அதிலும் தீட்டிய அரிசியை, முக்கிய உணவாகக் கொண்ட தெற்கிலும் கிழக்கிலும் புண் அதிகம். முழுக் கோதுமையும் சிறுதானியமும் பயறும் தின்கிற பகுதிகளில் குறைவு. இந்தியா, வங்கதேசம் பற்றிய அவருடைய கட்டுரை 1979ல் 'கட்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. வேலூர் சி.எம்.சி.யின் ஜெயராஜும் டோவியும் சேர்ந்து, புண் குறைவான பகுதிகளின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புண் வராமல் காத்தவற்றில் ஒன்று கொள்ளு. அதன் கொழுப்புப் பகுதியில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். களியும் கொள்ளுச் சாறும் இந்தச் சாலையின் அன்றாடச் சாப்பாடு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்றார்கள். யாரும் நம்பவில்லை என்பதால் 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கிக் குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005ல் நோபல் கிடைத்தது. அப்படியானால் டோவி சொன்னது தப்பா? அங்கேதான் சுவாரசியம். இந்தியாவில் வடக்கு, தெற்கு என்று பார்க்காமல் பெரும்பாலோர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. புண் வருவது சிலருக்கே. கிருமி எல்லா இடத்திலும் இருந்தும் புண் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறியது என்ற டோவியின் கேள்வி அதனால் செத்துப்போகவில்லை. உணவு அதற்கு ஒரு பகுதி விடையாக இருக்கலாம்.

ஆனால் ஒன்று முடிவான விஷயம். 'காரம் தின்றாய், அல்சர் வந்தது' என்று மிளகாய் மேல் பழி போடுவதற்கு ஆதாரம் இல்லை. இருக்கிற புண்ணில் காரம் எரிச்சல் தரும், புண்ணை உண்டாக்காது. பைலோரிக்கு அடுத்த குற்றவாளி, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை. தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக மலம் போனால் அது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மிளகாய்க்கு ஏன் மறுநாளும் ஞாபகம் இருக்கிறது?

மிளகாயின் கேப்சைசின் நாக்கில் தொடுவது சுவை நரம்பை அல்ல, சூட்டை உணரும் நரம்பை. அந்த உணர்வியை 1997ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே உணர்விகள் ஆசனவாயிலும் இருக்கின்றன. மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

செலுவாம்பா மாளிகையில் ரசப்பொடி

மைசூரில் செலுவாம்பா மாளிகை என்றொரு அரண்மனை இருக்கிறது. 1950 முதல் அதில் இயங்குவது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், சி.எஃப்.டி.ஆர்.ஐ. இங்கே கே. சீனிவாசன், கல்பனா பிளாட்டெல் இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது நம் அஞ்சறைப் பெட்டியை. சீரகமும் இஞ்சியும் செரிமானத்துக்கு நல்லது என்று பாட்டி சொன்னது கதையா, உண்மையா என்பதுதான் கேள்வி.

எலிகளுக்கு மசாலாப் பொருள் கலந்த உணவைக் கொடுத்துப் பார்த்ததில், பல மசாலாக்கள் இரண்டு வழியில் வேலை செய்தன. ஒன்று, கல்லீரலிலிருந்து பித்த அமிலம் அதிகமாகச் சுரந்து கொழுப்பைச் செரிக்க உதவியது. இரண்டு, கணையத்தின் நொதிகள் வீரியமாயின. உணவு குடலைக் கடக்கும் நேரத்தையும் அளந்தார்கள். இஞ்சி, ஓமம், சீரகம், மிளகிலுள்ள பைப்பரின் ஆகியவை அந்த நேரத்தைத் தெளிவாகக் குறைத்தன. வெந்தயமும் கடுகும் அப்படிச் செய்யவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓமத் தண்ணீர் கேட்கிறவர் விஷயம் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்ளலாம். எலியில் தெரிந்தது அப்படியே மனிதனுக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் பாட்டியின் பக்கம் சாட்சி சேர்ந்திருக்கிறது.

அதே ஆய்வகம் 2010ல் சொன்ன இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பும் துத்தநாகமும் உடலுக்குக் கிடைக்கும் அளவை வெங்காயமும் பூண்டும் கூட்டுகின்றன. சாம்பாரில் வெங்காயம் வாசனைக்கு மட்டும் இல்லை. சாப்பிட்டதும் டீ குடித்தால் நேர்மாறு: டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

மஞ்சளுக்குத் துணை மிளகு

மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1998ல் அதோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சோதனைக்கு உட்பட்ட மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. இதைக் காட்டித்தான் இன்று பல மாத்திரை டப்பாக்களில் 'மிளகுச் சத்துடன்' என்று அச்சடிக்கிறார்கள். சளி பிடித்தால் நம் வீட்டில் கொடுக்கும் பாலில் இரண்டும் எப்போதிருந்தோ இருக்கின்றன. விலையும் குறைவு.

களி சர்க்கரையை ஏற்றாதா?

சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் சிறுதானியத்தையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட என்.ஜி. மல்லேஷியின் குழு, கேழ்வரகின் தோலிலுள்ள பாலிபீனால்கள் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைத் தடுப்பதை 2009ல் காட்டியது. அது ஆய்வகக் குடுவையில் நடந்தது. நைஸாக அரைத்த மாவில் கிண்டிய களி ரத்தச் சர்க்கரையை நன்றாகவே ஏற்றும். கேழ்வரகின் பெருமை அதன் சுண்ணாம்புச் சத்து: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். நீரிழிவுக்காரர் களி சாப்பிடலாம், எத்தனை உருண்டை என்பதில்தான் சங்கதி.

மைசூர் பாக்கும் பித்தப்பையும்

அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா முதலில் செய்ததாகச் சொல்லப்படும் மைசூர் பாக், உள்ளே போனதும் என்ன நடக்கிறது? நெய் முன்சிறுகுடலைத் தொட்டவுடன் அங்கிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து பித்தப்பைக்குப் போகிறது. பித்தப்பை சுருங்கி, சேர்த்து வைத்திருந்த 30 முதல் 50 மில்லி கெட்டிப் பித்தநீரைப் பீய்ச்சுகிறது. கொழுப்பு சிறு துளிகளாகச் சிதறினால்தான் கணைய நொதிக்குப் பிடி கிடைக்கும். அதோடு, இரைப்பைக்கு 'மெதுவாக அனுப்பு' என்ற உத்தரவும் போகிறது. நெய்ப் பலகாரம் தின்றால் வயிறு நெடுநேரம் 'திம்'மென்று இருப்பது இதனால். பித்தப்பையில் கல் உள்ளவருக்கு விருந்து முடிந்த ராத்திரி வலது விலாவுக்குக் கீழே வலி வருவதும் இந்தச் சுருக்கத்தால்தான். அதை வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துச் சமாளிப்பவர்கள் அநேகம்.

உடலில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஹார்மோனும் இதே இடத்தைச் சேர்ந்தது. 1902ல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற லண்டன் விஞ்ஞானிகள் முன்சிறுகுடலில் கண்ட செக்ரிடின், கணையத்தைச் சுரக்க வைப்பது.

டென்னிஸ் மைதானம் சுருங்கியது

சிறுகுடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 2014ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கி வைத்து அளந்து, குடல் முழுவதையும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். பாதி பூப்பந்து மைதானம். பாடப்புத்தகங்கள் இன்னும் டென்னிஸ்தான் ஆடுகின்றன.

ஒன்பது லிட்டர் கணக்கு

நாம் குடிப்பதும் உண்பதுமாக நாளொன்றுக்கு சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே குடலுக்குள் ஊற்றுவது சுமார் 7 லிட்டர். மொத்தம் 9. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிவிடும். பெருங்குடல் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். மலத்தோடு போவது 200 மில்லிக்குள். காலரா போன்ற நோயில் இந்தக் கணக்கு தலைகீழானால் சில மணி நேரத்தில் ஆளே வற்றிப்போவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பால் ஒத்துக்கொள்ளாது, தயிர் ஒத்துக்கொள்ளும்

பாலிலுள்ள லாக்டோஸை உடைக்கும் நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்குக் குறைந்துவிடும். தென்னிந்தியரில் இப்படிப்பட்டவர்கள் அதிகம், வடமேற்கில் குறைவு. வட இந்தியரில் பலருக்குப் பெரியவரான பிறகும் பால் ஒத்துக்கொள்ளக் காரணமான மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றம்தான் என்பது 2011ல் தெரியவந்தது. நமக்கு வழி உறைமோர். பாலைத் தயிராக்கும்போது அதிலுள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. தயிர்சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாத தேசத்தில் இது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் கட்சி.

மொச்சையும் மரியாதையும்

பனிக்காலத்தில் மைசூர் சந்தையில் அவரைக்கொட்டை என்கிற மொச்சை குவியும். பஸ் பயணத்துக்கு முன் அதைச் சாப்பிடலாமா? பயறுகளிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதனிடம் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு விருந்து, நமக்கு வாயு. ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டி வேகவைத்தால் வெகுவாகக் குறையும். எப்படியானாலும் சராசரி மனிதர் ஒரு நாளில் அரை முதல் ஒன்றரை லிட்டர் வாயு வெளியேற்றுவது இயல்பு. அதில் பெரும்பகுதிக்கு வாசனையே கிடையாது. நாற்றம் மிகக் கொஞ்சமாக உள்ள கந்தகச் சேர்மங்களின் வேலை.

அந்தப் பாக்டீரியா எத்தனை? மனித செல்களைப்போலப் பத்து மடங்கு என்பது பழைய கணக்கு. 2016ல் திருத்திய கணக்குப்படி சுமார் 38 லட்சம் கோடி. உடம்பின் சொந்த செல்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். எல்லாம் சேர்ந்து 200 கிராம்தான் இருக்கும்.

காபியும் கழிவறையும்

காலைக் காபி குடித்தால்தான் 'வரும்' என்பவர்களைக் கிண்டல் செய்ய வேண்டாம். இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கையான அனிச்சைச் செயல். காலையில் அது வலுவாக இருக்கும். காபி அதை இன்னும் தூண்டும். அந்த நேரத்து உந்துதலைப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும் என்று அடக்கிப் பழகும் பிள்ளைகளுக்குத்தான் மலச்சிக்கல் வருகிறது. பள்ளிக் கழிவறை சுத்தமாக இல்லாததும் ஒரு குடல் நோய்க் காரணம் என்பதைக் கல்வி அதிகாரிகள் எப்போது பாடத்தில் சேர்ப்பார்களோ!

குடலுக்கென்று தனி நரம்பு வலையும் உண்டு, பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பு செல்களோடு. மூளையோடு இணைப்பைத் துண்டித்தாலும் குடல் தானே உணவைத் தள்ளும் என்பதை 1899லேயே பேலிஸும் ஸ்டார்லிங்கும் காட்டிவிட்டார்கள்.

அந்தப் பாலாற்றங்கரையில்

வேலூர்ப் பாலாற்றுக்கும் குடல் மருத்துவ வரலாற்றில் பங்கு உண்டு. சிறுகுடலின் உறிஞ்சும் விரல்கள் மழுங்கி, தின்றது உடம்பில் ஒட்டாமல் பேதியும் ரத்தசோகையுமாக ஆள் இளைத்துப்போகும் நோய் ஸ்ப்ரூ. 1960களின் தொடக்கத்தில் அந்த வட்டாரக் கிராமங்களில் அது கொள்ளைநோயாகப் பரவியதை வேலூர் சி.எம்.சி.யின் பேக்கர், மாதன் ஆகியோர் ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு முன்பே சென்னையில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் இதே நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்து, தானும் படுத்து, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தவர். பிறகு அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய தலைமையில் இயங்கிய குழு 1945ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ சிகிச்சையில் இன்றும் அது கொடுக்கப்படுகிறது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் அதுவே இருக்கிறது.

குடலேற்றம் தட்டுகிறவர்கள்

குழந்தை அழுதாலே 'குடலேற்றம்', 'உரம் விழுந்திருக்கு' என்று எண்ணெய் தடவி வயிற்றை உருவுவதும், துணியில் போட்டு உருட்டுவதும் இரு மாநிலக் கிராமங்களிலும் உண்டு. பெரும்பாலும் அது வாயுவாகவோ பசியாகவோ இருக்கும், தானே சரியாகும். பேர் தட்டியவருக்குப் போகும். ஆனால் கைக்குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. விட்டு விட்டு வீறிடும் அழுகை, வாந்தி, சிவந்த ஜெல்லிபோல மலம். அந்த வயிற்றைத் தட்டக் கூடாது, உருவக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

காசா, பேட்டரியா?

குழந்தை விழுங்கிய காசு இரைப்பைக்குள் போய்விட்டால் பெரும்பாலும் சில நாளில் வெளியே வந்துவிடும். பொத்தான் பேட்டரி அப்படியல்ல. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் சுவரை அரித்துவிடும். சத்தம் போடும் பொம்மைகளில் இருப்பது அதுதான். வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

மருந்து இல்லாத மருந்து

திருக்குறளில் மருந்து என்றொரு அதிகாரம். பத்தில் பாதிக்கு மேல் எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பற்றியவை. முன்பு தின்றது செரித்ததா என்று பார்த்துச் சாப்பிடச் சொல்கிறார் வள்ளுவர். திட உணவு இரைப்பையை விட்டு முழுதாக வெளியேற சுமார் நான்கு மணி நேரம் ஆகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே படுக்கத்தான் வேண்டும் என்றால் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். நெஞ்செரிச்சல் குறைவாக இருக்கும்.

ஒரு சிட்டிகை உப்பு, ஒரு போர்

சிறுகுடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகச் சேர்த்து உறிஞ்சுகிறது என்று ராபர்ட் கிரேன் 1960ல் சொன்னார். பேதியில் குடலின் மற்ற வேலைகள் கெட்டாலும் இந்த வாசல் திறந்தே இருக்கும். உப்பும் சர்க்கரையும் அதன் வழியே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

1971ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கொல்கத்தா மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களே ஊற்றிக் கொடுக்கும்படி விட்டுவிட்டார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, அவருடைய பராமரிப்பில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உறிஞ்சப்படுகின்றன என்ற அந்தக் கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978ல் 'லான்செட்' இதழ் எழுதியது. மகாலனாபிஸ் 2022ல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

மலைக்கோ மைசூருக்கோ கிளம்பும்போது பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், காய்ச்சி ஆறியது. பாலிலோ பழரசத்திலோ கலக்கக் கூடாது, கூடுதலாகச் சர்க்கரை போடக் கூடாது. சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கண் குழிந்து, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டுவிட்டால் பொட்டலத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.